கரண்ட் போன நாளின் நீலம்

கொட்பே குளிர் அறையில்
சைபருக்குக் கீழே பதினெட்டு.
வெளியே ஏப்ரல், தார் உருகுகிறது.
நடுவில் ஒரு ரப்பர்த் திரை, அவ்வளவுதான்.

ஒன்பது மாதமாக என் கால்விரல்கள்
சூரை மீன்களின் கட்சி.
கம்பனி தரும் சொக்ஸ் நைலோன்;
குளிரை உள்ளே விட்டுவிட்டுக்
கதவைச் சாத்திக்கொள்ளும்.

போயா விடுமுறை. சீனன்குடாவில் பஸ் ஏறி
உப்புவெளியில் இறங்கினேன்.
முன்பு சைக்கிள் திருத்திய கடை,
தரையில் இன்னும் ஒயில் கறை.
அதற்கு மேலே கொடிகளில்
சொட்டிக்கொண்டு நூற்கழிகள்:
கீறிய மாதுளை,
ஊறவைத்த பயற்றின் பச்சை,
பஸ் நிலையத்தில் படுத்துக்
கடதாசி மெல்லும் மானின் முதுகு,
புள்ளிகளோடு.

நுஸ்ரத், பள்ளிக்கூட இரசாயன அறையில்
பதினோரு வருடம் குடுவை கழுவியவள்.
சாயத்தை மில்லிகிராமில் நிறுக்கிறாள்.
தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுகிறாள்.
வினாகிரி வாசம், நனைந்த செம்மறி வாசம்.
எனக்குச் சம்பந்தமில்லாமல்
அச்சாறு தின்ன ஆசை வந்தது.

“இந்த வெயிலில ஆருக்குக் காலுறை?”
எனக்கு, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. பாத அளவு கேட்டாள்.

நூறு கிராம் கழி ஒன்றுக்கு
என் இரண்டு இரவுகள் விலை.
தொட்டேன், வைத்தேன், திரும்பவும் தொட்டேன்.
அப்போதுதான் மூலை வாளிக்குள்
ஒரு நீலம்.
நீலம் என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியாது.
ஓரிடத்தில் கப்பல் நிற்கும் ஆழம்,
ஓரிடத்தில் சொட்டுநீலம் போட்டு அலசிய
வெள்ளைச் சட்டை.

“அது கரண்ட் போன நாள் அவிச்சது.
நிறத்தைக் குடிச்சு முடிக்கல்ல.
அரை விலைக்குத் தாறன்.
போட முதல் வினாகிரித் தண்ணியில
ஒருக்காக் கட்டாயம் அவிக்கோணும்.
சொல்லிட்டன்.”

நாலு ஊசியில் அறுபத்துநாலு கண்ணி.
கம்பனி பஸ்ஸில் பின்னினேன்.
தேத்தண்ணி நேரத்தில்,
சந்திமாவின் காதல் கதைக்கு நடுவே,
எண்ணிக்கை தவறி, அவிழ்த்து, பின்னினேன்.

கணுக்கால் வரை கஷ்டமில்லை, சுற்றிச் சுற்றி வரலாம்.
குதியில்தான் சங்கதி:
வரிசை முடிய முன்பே திரும்ப வேண்டும்,
அடுத்த வரிசையில் அதற்கும் முன்பே.
முடிக்காமல் விட்டவை ஒன்றுசேர்ந்து
ஒரு கிண்ணமாகின்றன.
இதுவரை எதை முடிக்காமல் விட்டாலும்
எனக்குக் கிடைத்தது ஏச்சு.
இம்முறை ஒரு குதி.

இரண்டாவது காலுறையின் நுனியை மூடிய இரவு
பொறுமையும் மூடிக்கொண்டது.
அவிக்கவில்லை. அணிந்தேன்.

நள்ளிரவு தாண்டியும்
பத்து விரல்களும் என் பக்கம் நின்றன.
பெட்டி தூக்கினேன், எண்ணினேன்,
இன்னும் தூக்கினேன்.
வியர்த்தது.
அந்த அறையில், எனக்கு, கால் வியர்த்தது.

காலை ஆறு மணி. பூட்ஸைக் கழற்றி
காலுறையை உருவினேன்.
நகத்திலிருந்து கணுக்கால் வரைக்கும்
நீலம்.

“அனே!” என்று சந்திமா கத்தினாள்.
மேற்பார்வையாளர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.
விறைத்துச் செத்த கால், வெந்நீர் கொண்டு வா,
வேண்டாம் வேண்டாம், ஆட்டோ கூப்பிடு.
ஒரு நிமிடம் நானும் நம்பினேன்:
கால் போனது, வேலை போனது,
வாடகை இருபதாம் திகதி.

பிறகு மெல்ல மேலே வந்தது அந்த வாசம்.
அச்சாறு.
பெருவிரலை ஆட்டிப் பார்த்தேன்.
ஆடியது, நீலமாக.
மீன் பெட்டிமேல் சாய்ந்து நான் சிரித்த சிரிப்புக்கு
அரை நாள் சம்பளம் வெட்டினார்கள்.

நுஸ்ரத்துக்கு அழைத்தேன்.
“சொன்னேன்தானே” என்றாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“எந்தக் கால் கூட நீலம்?”
இடது, என்றேன்.
“எத்தின மணித்தியாலம் போட்டிருந்த?”
எட்டு.

அந்தப் பக்கம், கடதாசியில்
பென்சில் ஓடும் சத்தம்.